ஓரத்தில் நின்ற செல்கள்

ஆம்பூர்,
12-8-1979

ஜெயகரன் அண்ணனுக்கு,

ரோஸ் எழுதுவது. எட்டு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைப்பீர்கள். சரிதான். எனக்குத்தான்.

மூன்று மாதமாக வயிறு ஊதிக்கொண்டே வருகிறது. முதலில் வாயு என்று இருந்துவிட்டேன். ஷூ கம்பெனியில் என் லைனில் தைக்கும் பெண்கள், "இன்னா மேடம், கிரேஸிக்குத் தம்பியா?" என்று கேலி செய்தார்கள். கிரேஸிக்கு எட்டு வயசு முடிந்துவிட்டது. நானும் சிரித்து வைத்தேன். போன வாரம் இங்கே டாக்டரம்மா ஊசி குத்தி வயிற்றிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்தார். மஞ்சளாக இருந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "வேலூருக்குப் போயிடும்மா, தள்ளிப்போடாதே" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவின் வயிறும் இப்படித்தானே ஊதியது?

வேலூர் என்றால் நீங்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிதான். என் பாட்டிலும் உங்கள் லேபுக்குத்தான் வந்து சேரும். அதனால்தான் எழுதுகிறேன்.

1971-ல் நீங்கள் போட்ட கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. "அம்மாவுக்கு வெறும் நீர்க்கட்டி. கைக்குழந்தையோடு அலையாதே. கிறிஸ்துமஸுக்கு வந்தால் போதும்." நம்பினேன். நவம்பரில் தந்தி வந்தது. கல்லறைத் தோட்டத்தில் நிற்கும்போது ஒரு நர்ஸ் அக்கா வாய்தவறிச் சொன்ன பிறகுதான் அது புற்றுநோய் என்றும், உங்களுக்கு ஏழு மாதமாகவே தெரியும் என்றும் எனக்குத் தெரிந்தது. அப்பா சொல்லித்தான் மறைத்தீர்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். யார் சொன்னால் என்ன, எழுதியது உங்கள் கை. ஏழு மாதம். நான் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் விஷயத்தில் கண்ணால் பார்த்ததை அப்படியே எனக்கு எழுத முடியுமா? முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், மெட்ராஸுக்குப் போய்க்கொள்கிறேன்.

ரோஸ்


வேலூர்,
16-8-1979

அன்புத் தங்கை ரோஸுக்கு,

மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

முடியும்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்துவிடு. வெறும் வயிற்றோடு வா. பெண்கள் நோய்ப் பிரிவில் சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அந்த டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தாளை மறக்காதே. சாந்தகுமார் மாப்பிள்ளையையும் அழைத்துவா. கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை, பையை மட்டும் என்னிடம் கொடு.

ஜெயகரன்


வேலூர்,
24-9-1979

அன்புத் தங்கை ரோஸுக்கு,

நீ ஊருக்குப் போய் எட்டு நாள் ஆகிறது. தையல் பிரித்த இடம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன்.

ஆபரேஷன் முடிந்து நீ வார்டில் இருந்தபோது மூன்று முறை வந்தேன். மூன்று முறையும் மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தார். இரண்டாம் முறை என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போய், "மச்சான், கட்டின்னுதான் அவகிட்ட சொல்லியிருக்கேன். அவ தாங்கமாட்டா. நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்றார். அழுதார். நான் தலையை ஆட்டினேன். அவரிடம் தலையை ஆட்டிவிட்டு உனக்கு இதை எழுதுவது சரியா என்று தெரியவில்லை. ஆனால் உனக்குத்தான் முதலில் வாக்குக் கொடுத்தேன்.

உனக்கு இரண்டு சினைப்பைகளிலும் புற்றுநோய். குடலுக்கு மேல் விரித்தாற்போல் இருக்கும் கொழுப்புத் திரையிலும் பரவியிருந்தது. சர்ஜன் எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துவிட்டார். எடுக்க முடியாதது கடுகு கடுகாகச் சில இடங்களில் இருக்கிறது. மாதாமாதம் ஊசி போட வரச் சொன்னது அதற்காகத்தான். இந்த நிலையில் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இரண்டு வருஷம் தாண்டுவதில்லை. தாண்டியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கடினமானதை எழுதிவிட்டேன். இனி, பார்த்தது.

உன் வயிற்று நீரைச் சுழற்றி, அடியில் தங்கியதைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயம் போட்டேன். மூன்று வகை செல்கள் தெரிந்தன. புற்றுச் செல்கள் கொத்துக் கொத்தாக. அவற்றைச் சுற்றிலும் பெரிய செல்கள், நுரைத்த உடம்போடு, எக்கச்சக்கமாக. இவை நம் உடம்பின் விழுங்கிகள். குப்பை, கிருமி எது கிடைத்தாலும் விழுங்கும். மூன்றாவது, லிம்போசைட் என்கிற சின்ன உருண்டைகள். இதுவும் எதிர்த்து நிற்கிற வெள்ளையணுதான்.

பிறகு கட்டியையே மெல்லிதாகச் சீவிப் பார்த்தபோது எங்கள் டாக்டர் பங்கஜம் என்னைக் கூப்பிட்டார். திசுக்களைப் பார்த்து நோயைச் சொல்பவர் அவர்தான். அநாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டார். "ஜெயகரன், இங்க பாருங்க. இந்தச் சின்னதுங்க வெளிய நிக்கல, உள்ள பூந்திருக்கு" என்றார். புற்றுச் செல்களுக்கு நடுவே, ஒவ்வொரு சந்திலும், சின்ன உருண்டைகள். பதினான்கு வருஷ சர்வீஸில் சினைப்பைக் கட்டியில் இத்தனை நான் பார்த்ததில்லை. "நல்லதா டாக்டர்?" என்று கேட்டேன். "தெரியல. கெட்டதா இருக்காதுன்னு நினைக்கிறேன்" என்றார்.

அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

ஜெயகரன்


ஆம்பூர்,
9-10-1979

அண்ணனுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாம் தடவை படிக்கும்போது அவர் பார்த்துவிட்டார். "உங்க அண்ணனுக்கு மனசே கிடையாதா?" என்று கத்தினார். பிறகு பிடித்துக்கொண்டு அழுதார். இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். ஆபரேஷன் ஆன நாளிலிருந்து அவர் தான் வேலை பார்க்கும் தோல் பதனிடும் ஷெட்டில் தனியாகப் போய் அழுதிருக்கிறார். வீட்டுக்கு வரும்போது கண் சிவந்திருந்தால் சுண்ணாம்பு பட்டுவிட்டது என்பார். இனி அந்தப் பொய் அவருக்கும் வேண்டாம். உன் மேல் அவருக்கு இன்னும் கோபம்தான். போகப் போகச் சரியாகும்.

முதல் ஊசி போட்டாயிற்று. இரண்டு நாள் குடித்த தண்ணீர்கூட நிற்கவில்லை. சீப்பில் முடி கற்றையாக வருகிறது. கிரேஸி அதைச் சுருட்டிக் காகிதத்தில் மடித்து வைக்கிறாள்.

நீ எழுதியதில் பாதிக்கு மேல் மரணச் செய்தி. ஆனாலும் மனசு அந்தச் சின்ன உருண்டைகளிடமே போகிறது. அவை என்னுடையவைதானே? யாரும் ஊசியில் போட்டு அனுப்பவில்லையே? நான் இங்கே ஷூவுக்கு அப்பர் தைக்கிற பெண்களை விரட்டிக்கொண்டு, வயிற்றில் வாயு என்று சோடா குடித்துக்கொண்டிருந்தபோதே அவை உள்ளே வேலையை ஆரம்பித்துவிட்டிருக்கின்றன. எனக்கு ஒன்றும் தெரியாமல்.

அப்படியானால் அம்மாவுக்கு ஏன் வரவில்லை? வந்திருந்ததா? அம்மாவின் தகடு உங்கள் லேபில் இருக்குமா? இருந்தால் பார்த்து எழுது.

ரோஸ்


வேலூர்,
17-12-1979

அன்புத் தங்கை ரோஸுக்கு,

"நீ" என்று எழுதியிருந்தாய். தெரியாமல் வந்திருக்கலாம். இருந்தாலும் சொல்லத் தோன்றியது.

பதில் தாமதம். தகட்டைத் தேடியதால் ஆன தாமதம் கொஞ்சம்தான். ஸ்டோரில் இருக்கும் வேலாயுதம் ஒரே மணி நேரத்தில் 1971-ன் இழுப்பறையை எடுத்துக் கொடுத்துவிட்டார். அம்மாவின் திசுவைப் பதித்து வைத்திருந்த மெழுகுக் கட்டியும் இரண்டு தகடுகளும் பத்திரமாக இருந்தன. அதற்குப் பிறகு ஒன்பது வாரம் நான் எழுதாமல் இருந்தேன்.

ரோஸ், அந்தத் தகட்டுக்காகக் கட்டியைச் சீவியவன் நான். 71 ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை. எங்களுக்கு வருவது நம்பர் மட்டும்தான். நம்பரைப் பார்த்துச் சீவினேன், சாயம் போட்டேன், நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷம்கூடப் பட்டேன். சீட்டு ஒட்டுவதற்காகத் தாளைத் திருப்பியபோதுதான் அம்மாவின் பெயர் இருந்தது. அம்மா வயிற்று வலி என்று அட்மிட் ஆனதும், சின்ன ஆபரேஷன் செய்ததும் தெரியும். அவளுடையது என் கைக்கே வரும் என்று தோன்றவே இல்லை.

அப்பா சொல்லி மறைத்தேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்பா போன பிறகும் நான் அதைத் திருத்தவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. யாரும் என்னிடம் மறைக்கச் சொல்லவில்லை. அந்த வார்த்தையை உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. அடுத்த வாரம் எழுதலாம், அடுத்த வாரம் எழுதலாம் என்று ஏழு மாதம் போய்விட்டது.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். அம்மாவின் கட்டியில் சின்ன உருண்டைகள் இருந்தன. ஆனால் உள்ளே இல்லை. கட்டியின் ஓரத்தில் நின்றன, கரையோடு கரையாக. உள்ளே ஒன்றிரண்டுகூட இல்லை. டாக்டர் பங்கஜம் இரண்டு தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார். "ரெண்டு பேரை வெச்சு ஒண்ணும் சொல்லக்கூடாது" என்றார். ஆனால் மறுநாளே பழைய சினைப்பைக் கட்டிகள் நாற்பதை எடுக்கச் சொல்லிவிட்டார். ஒவ்வொன்றிலும் சின்னவை எங்கே நிற்கின்றன என்று எண்ணுவது இப்போது என் வேலை.

பெரிய விழுங்கிகளைப் பற்றிக் கவலைப்படாதே. உன் நீரில் அவை ஏராளம். உனக்காக அவையும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கும்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். மாப்பிள்ளைக்கும் சொல்.

ஜெயகரன்


ஆம்பூர்,
2-4-1980

அண்ணா,

ஆறாவது ஊசிக்கு வந்தபோது உன் லேபில் நின்றதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

என்னுடையதை முதலில் காட்டினாய். எங்கள் கம்பெனியில் தோலின் வெட்டுவாயை லென்ஸில் பார்ப்போம். நார் எப்படி ஓடுகிறது, எங்கே பலவீனம் என்று தெரியும். அந்தப் பழக்கத்தில்தான் பார்த்தேன். புற்று எது என்று நீ சொல்வதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. ஒழுங்கில்லாமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு. நடுவில் அந்தச் சின்னவை, மிளகு தூவியது போல.

அடுத்தது அம்மாவுடையது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அம்மாவைப் பார்த்தேன். ஊதா நிறத்தில். எத்தனை பேருக்குக் கிடைக்கும் இது? எத்தனை பேருக்கு வேண்டும்? ஓரத்தில் நின்றவற்றைப் பார்த்ததும், "உள்ள போங்களேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். உன் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று வாசலில் கேட்டாய். இல்லை அண்ணா. அப்பா சொல்லி நீ மறைத்திருந்தால் சீக்கிரம் மன்னித்திருப்பேன். பயந்து மறைத்தவனை எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை, ஏனென்றால் எனக்கும் அந்தப் பயம் தெரியும். கொஞ்ச நாள் ஆகட்டும்.

தண்ணீர் திரும்பக் கோக்கவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். மேனேஜர் ஷபீ அஹமது சார் என் நாற்காலியில் யாரையும் உட்கார வைக்கவில்லை. "ஜாஸ்தி நேரம் நிக்காதம்மா, பேஜார் ஆயிடும்" என்று மட்டும் சொன்னார். தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு போனேன். மதியத்துக்குள் லைனில் ஆறு பெண்கள் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டார்கள். நான் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு வேலை மட்டும் சரியாக வாங்கினேன்.

ரோஸ்


வேலூர்,
3-11-1981

அன்புத் தங்கை ரோஸுக்கு,

இதை மார்ச் மாதமே எழுதியிருக்க வேண்டும்.

79 டிசம்பரில், பெரிய விழுங்கிகள் உனக்காகச் சண்டை போடுகின்றன என்று எழுதினேன். பார்த்து எழுதியதல்ல அது. உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நானாக எழுதியது. அது தப்பு.

டாக்டர் பங்கஜம் ஒன்றரை வருஷமாக ஒரு வேலை செய்துவருகிறார். இந்த நோயோடு வருகிறவர்களில் சம்மதிக்கிறவர்களிடமிருந்து வயிற்று நீரை வாங்கி, அதிலிருக்கும் செல்களைப் பிரித்து, சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் உடம்புச் சூட்டில் வளர்க்கிறோம். ஒரு கிண்ணத்தில் புற்றுச் செல்கள் மட்டும். இன்னொன்றில் அதே ஆளுடைய விழுங்கிகளையும் சேர்த்து. விழுங்கிகள் இருக்கும் கிண்ணத்தில் புற்று குறையும் என்றுதான் இரண்டு பேரும் எதிர்பார்த்தோம். முதல் தடவை அந்தக் கிண்ணத்தில் புற்று கூடியபோது நான் அளவு தவறிவிட்டேன் என்று திரும்பச் செய்தேன். மறுபடியும் கூடியது. பதினோரு பேரில் எட்டுப் பேருக்கு அப்படித்தான். விழுங்கிகள் புற்றை விழுங்கவில்லை. அவை பக்கத்தில் இருந்தால் அது இன்னும் செழிப்பாக வளர்கிறது. வெளிநாட்டில் ஒரு லேபிலும் இதே போலப் பார்த்திருக்கிறார்கள் என்று டாக்டர் ஒரு பத்திரிகையைக் காட்டினார்.

ஏன் என்று கேட்டேன். "புண்ணு ஆறும்போது சதை வளர உதவி பண்றதும் இதுங்க வேலைதானே ஜெயகரன்? புத்தை ஆறாத புண்ணுன்னு நினைச்சுக்குதோ என்னவோ" என்றார். அவருக்கும் அதற்குமேல் தெரியவில்லை.

மார்ச்சில் தெரிந்தது. எட்டு மாதம் எழுதவில்லை. நீ நன்றாக இருக்கிறாய், வேலைக்குப் போகிறாய், இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 71-லும் இப்படித்தான் சொல்லிக்கொண்டேன் என்பது போன வாரம்தான் உறைத்தது.

ஜெயகரன்


ஆம்பூர்,
8-11-1981

அண்ணா,

திட்டி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதவும் எழுதினேன். அந்தத் தாள் அடுப்புக்குப் போய்விட்டது. காரணம் இதுதான்.

செப்டம்பர் கடைசியிலிருந்து எனக்கு மறுபடி வயிறு ஊதுகிறது. பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போய்வருகிறேன். அவரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. போன மாதம் நீ வந்தபோது முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு உனக்கு டீ கொடுத்தேன். கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று நினைத்தேன். உன்னிடம் உண்மையைக் கேட்டு வாங்கியவள் நான்தான்.

நேற்று உன் கடிதத்தைப் படித்த பிறகு அவரிடம் சொன்னேன். அவர், "எனக்குத் தெரியும்" என்றார். எல்லோரும் எல்லோரிடமும் மறைத்துக்கொண்டு ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

விழுங்கிகள் விஷயம் முதலில் கசந்தது. என் உடம்பில் இருந்துகொண்டு எனக்கே இப்படியா என்று. பிறகு யோசித்தேன். அவை கெட்டவையாகப் பிறக்கவில்லை. காயம் பட்ட இடத்தை ஆற்றத்தான் போயிருக்கின்றன. போன இடத்தில் யாருக்கு உதவுகிறோம் என்று தெரியவில்லை. அவற்றின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உன் மேல்கூட ஜாஸ்தி வரவில்லை.

வியாழக்கிழமை வருகிறோம். அவர் உன் வீட்டில் தங்கலாம் என்கிறார். அவரே சொன்னார்.

ரோஸ்


வேலூர்,
5-12-1981

அன்புத் தங்கை ரோஸுக்கு,

நீரில் புற்றுச் செல்கள் திரும்ப வந்திருக்கின்றன. நிறைய. வேறு மருந்து தொடங்கப் போகிறார்கள். பழையதைவிட வாந்தி ஜாஸ்தி இருக்கும், ஆனால் புதிய மருந்து கேட்கும் என்று டாக்டர்களுக்கு நம்பிக்கை இருக்கிறது.

இன்னொன்று. டாக்டர் பங்கஜம், கிண்ணத்தில் வளர்க்க உன் நீரையும் தருவாயா என்று கேட்கச் சொன்னார். நான் கேட்கமாட்டேன் என்றேன். அதற்கு அவர், "நீங்க கேக்காம இருந்தா அது அவங்களுக்காக நீங்க முடிவு பண்றது. கேளுங்க. வேணாம்னு சொன்னா வைத்தியத்துல ஒரு குறையும் வராதுன்னு சேர்த்து எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன். இதனால் உனக்கு உடனே பிரயோஜனம் எதுவும் இல்லை என்பதையும் நான் சேர்த்துக்கொள்கிறேன்.

ஜெயகரன்


ஆம்பூர்,
11-12-1981

அண்ணா,

தருகிறேன். இரண்டு நிபந்தனை.

ஒன்று, என் கிண்ணத்தை நீதான் வைக்க வேண்டும். நீ அம்மாவுடையதைத் தெரியாமல் சீவினாய். என்னுடையதைத் தெரிந்தே வை.

இரண்டு, என்ன வந்தாலும் வந்த வாரத்திலேயே எழுத வேண்டும். இந்த முறை எட்டு மாதம் காத்திருக்க முடியாது.

அப்புறம், சின்ன உருண்டைகளையும் தனியாகப் பிரித்துப் பாருங்கள். பெரியவற்றை மட்டும் பார்த்துவிட்டு அவற்றை விட்டுவிட வேண்டாம். இது நிபந்தனையில்லை. கேட்டுக்கொள்கிறேன்.

ரோஸ்


வேலூர்,
22-1-1982

அன்புத் தங்கை ரோஸுக்கு,

நேற்று எண்ணி முடித்தேன். இன்று எழுதுகிறேன்.

நாலு கிண்ணம் வைத்தேன். முதலாவதில் உன் புற்றுச் செல்கள் மட்டும், வளர்ந்தன. இரண்டாவதில் விழுங்கிகளோடு, இன்னும் வளர்ந்தன. மூன்றாவது நீ கேட்டது: புற்றுச் செல்களும் உன் சின்ன உருண்டைகளும் மட்டும். மூன்றாம் நாள் அதை எடுத்து லென்ஸில் வைத்துப் பார்த்தேன். புற்றில் பாதி செத்துக் கிடந்தது. சின்னவை அவற்றை ஒட்டிக்கொண்டு நின்றன. டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை.

நாலாவதில் மூன்றையும் சேர்த்தேன். அங்கே சின்னவை சும்மா இருந்தன. விழுங்கிகள் பக்கத்தில் வந்ததும் அவற்றின் வேலை நின்றுவிடுகிறது. உன் வயிற்றில் இருப்பது நாலாவது கிண்ணம்தான்.

திரும்பத் திரும்பச் செய்து பார்த்த பிறகுதான் நிச்சயமாகச் சொல்ல முடியும். இதை வைத்து இன்று மருந்து எதுவும் இல்லை. "விழுங்கிங்கள விலக்கிட்டு சின்னதுங்கள வேலை செய்ய விடற மருந்து வரும். நம்ம காலத்துல வருமான்னு தெரியல" என்றார் டாக்டர்.

நாற்பது பழைய தகடுகளின் கணக்கும் முடிந்தது. சின்னவை உள்ளே புகுந்திருந்தவர்கள் பொதுவாக மற்றவர்களைவிடக் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள். எல்லோரும் அல்ல. நாற்பது பேர் போதாது. ஆனால் உனக்கு இது இரண்டாம் வருஷம் தாண்டி ஐந்தாம் மாதம்.

ஜெயகரன்


ஆம்பூர்,
30-1-1982

அண்ணா,

மூன்றாவது கிண்ணத்தைப் பற்றி எழுதிய பகுதியை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு லிம்போசைட்டும் தெரியாது, ஒன்றும் தெரியாது. "உனுக்குள்ள இருக்கறதுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு, அத எப்பிடிக் கொல்றதுன்னு" என்றார். அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். முடியாமல் தோற்கவில்லை அவை. விழுங்கிகள் அவற்றை விடவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு அது போதுமா என்று கேட்டால், போதாது. எனக்கு கிரேஸி பெரியவள் ஆவதைப் பார்க்க வேண்டும், மூன்றாவது கிண்ணமாகவே இருக்க வேண்டும். ஆனால் என் உடம்பு என்னைக் கைவிட்டுவிட்டது என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு போய்விட்டது.

உன்னை மன்னிப்பதைப் பற்றி. பார்த்தவுடன் எழுதினாய். இருபத்திரண்டாம் தேதி முத்திரை இருந்தது. இனி அந்தப் பேச்சை எடுக்காதே, முடிந்துவிட்டது.

ரோஸ்


ஆம்பூர்,
14-8-1983

அண்ணா,

கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல கிரேஸி எழுதுகிறாள். எனக்கு உட்கார்ந்து எழுத முடியவில்லை.

புது மருந்து ஒன்றரை வருஷம் கொடுத்தது. அதில் ஒரு வருஷம் நல்ல வருஷம். இப்போது தண்ணீர் பத்து நாளுக்கு ஒரு முறை எடுக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் வேலூரில் டாக்டர்கள், மேலே ஊசி வேண்டாம், வலிக்கு மட்டும் கொடுக்கிறோம் என்றார்கள். கேட்டதற்கு ஒளிக்காமல் சொன்னார்கள். அவரும் பக்கத்தில் இருந்தார். "மறைக்காம சொன்னதுக்கு நன்றி டாக்டர்" என்றார். நாலு வருஷத்துக்கு முன்னால் வராந்தாவில் உன்னிடம் அழுதவர்.

கிரேஸிக்கு நேற்று எல்லாம் சொல்லிவிட்டேன். அதனால்தான் அவளையே எழுதச் சொன்னேன். புற்றுநோய் என்ற வார்த்தை வந்ததும் நிறுத்திவிட்டாள். பேனாவில் மை இல்லை என்றாள். மை இருந்தது. காத்திருந்தேன். பிறகு எழுதினாள். இப்போதும் அதைத்தான் எழுதுகிறாள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

அம்மாவோடு எனக்குக் கிடைக்காத ஏழு மாதம் இவளுக்கு என்னோடு கிடைக்கட்டும். ஏழு மாதம் இருக்காது. இருக்கிறவரைக்கும்.

நீ லீவு போட்டுவிட்டு வா. ஒன்றும் கொண்டுவர வேண்டாம்.

ரோஸ்

மாமா, இது நான், கிரேஸி. அம்மா தூங்கிட்டாங்க. இது அம்மா சொல்லி எழுதுவது இல்லை. பக்கத்து வீட்டு ஆயா, அம்மா தட்டில் சாப்பிடக் கூடாது, பக்கத்தில் படுக்கக் கூடாது என்று சொல்கிறார்கள். அது நிஜமா? அப்புறம் அம்மாச்சிக்கு வந்தது, அம்மாவுக்கு வந்தது. எனக்கும் வருமா?


வேலூர்,
17-8-1983

அன்புத் தங்கை ரோஸுக்கும் கிரேஸிக்கும்,

பதினைந்து நாள் லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்துவிட்டது. சனிக்கிழமை காலை காட்பாடியில் ஜோலார்பேட்டை பாசஞ்சர் ஏறுகிறேன்.

ரோஸ், உன் மகள் கடிதத்தின் கடைசியில் தானாக என்னிடம் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாள். உன்னிடம் கேட்டுவிட்டுப் பதில் எழுதலாமா என்று நினைத்தேன். அவள் காத்துக்கொண்டிருப்பாள் என்பதால் எழுதிவிடுகிறேன்.

கிரேஸி, இது தொற்றாது. அம்மாவின் தட்டில் சாப்பிடு. அம்மாவைக் கட்டிக்கொண்டு படு. வயிற்றை மட்டும் அழுத்தாதே, வலிக்கும். பதினெட்டு வருஷமாக இந்தச் செல்களைக் கையால் தொட்டு வேலை செய்கிறவன் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு, தெரியாது என்பதுதான் பதில். ஒரே குடும்பத்தில் தாய்க்கும் மகளுக்கும் வருவதை டாக்டர்கள் பார்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்களுக்கு மற்றவர்களைவிட இது வர வாய்ப்பு ஜாஸ்தி. ஜாஸ்தி என்றால் கட்டாயம் என்று அர்த்தமில்லை. வராமலே போகிறவர்கள் நிறைய. நீ பெரியவளானதும் வருஷத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்டிக்கொள்ள வேண்டும். நான் இருக்கிறவரை நானே அழைத்துப் போவேன். அதற்குள் நாங்கள் இன்னும் கொஞ்சம் கண்டுபிடித்திருப்போம். உன் அம்மா கொடுத்ததை வைத்துத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். டாக்டர் பங்கஜம் நேற்றுவரை பத்துப் பேரின் கிண்ணங்களில், உன் அம்மாவின் மூன்றாவது கிண்ணத்தில் நடந்ததைத் திரும்பப் பார்த்துவிட்டார்.

பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல். அவள் தாங்குவாள்.

அவள் எழுந்ததும் இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டு. ஒரு வரியையும் விடாதே.

உன் மாமா,
ஜெயகரன்